வட்ட ஆர்என்ஏ டெஸ்ட்டுக்கு 38,000 ரூபாய் கட்டலாமா?

பாலக்கோடு பக்கத்து கிராமத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 29, ஓசூரில் ஷிப்ட் வேலை. கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்.

"அம்மாவுக்கு 56 வயது. பீடி, புகையிலை எதுவும் தொட்டதில்லை. இருமலுக்கு முதலில் டிபி என்று சொல்லி நான்கு மாதம் மாத்திரை கொடுத்தார்கள், சளியில் கிருமி தெரியவில்லை. அப்புறம் பெங்களூரில் ஸ்கேனும் பயாப்ஸியும் எடுத்ததில் நுரையீரல் புற்றுநோய், அடினோகார்சினோமா என்று வந்தது. ஈஜிஎஃப்ஆர் பாசிட்டிவ், எக்ஸான் 19. கெஃபிட்டினிப் மாத்திரையில் 13 மாதம் நன்றாக இருந்தார், அவரே களி கிண்டுகிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது. இப்போது எடுத்த ஸ்கேனில் கட்டி மறுபடி பெரிதாகியிருக்கிறது, கல்லீரலிலும் ஒரு புள்ளி. வட்ட ஆர்என்ஏ என்று ஒன்றுதான் இந்தப் புற்றுநோயை வளர்க்கிறது, பரப்புகிறது என்று நெட்டில் படித்தேன். லேப் ஏஜென்ட் ஒருவர், ரத்தம் கொடுத்தால் அந்த ஆர்என்ஏ எல்லாவற்றையும் பார்த்துச் சொல்கிறோம், 38,000 ரூபாய் என்கிறார். எடுக்கலாமா? தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம், இது அவளுக்கும் எனக்கும் வருமா? இந்த வட்டத்தை உடைக்க மருந்து இருக்கிறதா?"

தம்பி, பணத்தைக் கட்டாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம். நாளைக்கே அந்த ஏஜென்ட் போன் செய்வார், இன்றைக்குக் கட்டினால் தள்ளுபடி என்பார், அதற்குள் இந்த ஒரு வரி உங்கள் கண்ணில் பட வேண்டும் என்றுதான் முதலிலேயே எழுதுகிறேன். அம்மாவுக்கு இப்போது அவசரமாக ஒரு டெஸ்ட் வேண்டும், உண்மைதான். ஆனால் அது வேறு டெஸ்ட். அதைக் கீழே சொல்கிறேன்.

அதற்காக நீங்கள் படித்தது பொய் என்று சொல்லவில்லை. வட்ட ஆர்என்ஏ நிஜமான விஷயம். புற்றுநோய் மருத்துவனாக எனக்கே கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் படித்தவற்றில் மிகவும் பிடித்தவற்றுள் ஒன்று. ஊரில் நீங்கள் ராகி மூட்டை பிடித்திருப்பீர்கள். மூட்டை வாயைத் தைத்த சணலில் சரியான நுனி கையில் சிக்கிவிட்டால் ஒரே இழுப்புதான், மொத்தத் தையலும் சர்ரென்று உருவிக்கொண்டு வந்துவிடும். நுனி சிக்கவில்லை என்றால் அரிவாளைத் தேட வேண்டும். செல்லுக்குள்ளும் அதே கதைதான். டிஎன்ஏவிலிருந்து நகலெடுத்த ஆர்என்ஏவுக்கு ஒரு தலை, ஒரு வால் என்று இரண்டு நுனிகள் உண்டு, வேலை முடிந்ததும் அதைக் கரைக்கிற நொதிகள் பெரும்பாலும் அந்த நுனிகளிலிருந்துதான் தின்னத் தொடங்கும். வட்ட ஆர்என்ஏவுக்குத் தலையும் கிடையாது, வாலும் கிடையாது. பிடிக்க நுனி இல்லாததால் சாதாரண ஆர்என்ஏ கரைந்துபோன பிறகும் அது கிடக்கும். நடுவிலேயே வெட்டுகிற நொதிகளும் இருப்பதால் சாகாவரம் என்று நினைக்க வேண்டாம், ஆயுள் நீளம், அவ்வளவுதான்.

அது எப்படி வட்டமாகிறது என்றால், நம் ஜீன்களில் பெரும்பாலானவை தொடர்ச்சியாக எழுதப்பட்டவை அல்ல, துண்டு துண்டாக இருப்பவை. உங்கள் ரிப்போர்ட்டில் எக்ஸான் 19 என்று இருக்கிறதே, அது செல்லை வளரச் சொல்கிற ஈஜிஎஃப்ஆர் ஜீனின் அப்படி ஒரு துண்டு. நகலெடுத்ததும் நடுவில் இருக்கிற தேவையில்லாத பகுதிகளை வெட்டிவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக ஒட்டுவது செல்லின் வழக்கம். சில சமயம் மூன்றாவது துண்டின் வால் பின்னால் வளைந்து இரண்டாவது துண்டின் தலையோடு ஒட்டிக்கொள்ளும், வளையம் தயார். இருபக்கமும் ஒன்றுக்கொன்று பொருந்துகிற எழுத்துத் தொடர்கள் இருந்தால் அவை இணைசேர்ந்து இந்த வளைவுக்கு வழி செய்கின்றன, கியூகேஐ என்கிற புரதமும் உதவுகிறது. இந்தப் புரதத்தை நினைவில் வையுங்கள், மறுபடி வரும்.

1976இல் செடிகளைத் தாக்கும் வைராய்டு என்கிற நுண்கிருமியில்தான் வட்ட ஆர்என்ஏ முதலில் தெரியவந்தது. 1979இல் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் விலங்கு செல்லுக்குள்ளும் பார்த்தார்கள். 1991இல் டிசிசி என்கிற ஜீனை ஆராய்ந்தபோது வரிசை மாறி ஒட்டிய துண்டுகளாக மறுபடி கண்ணில் பட்டது, அந்த ஜீன் பெருங்குடல் புற்றுநோயோடு தொடர்புள்ளது என்பதைக் கவனியுங்கள். அதற்குப் பிறகும் இருபது வருடம் யாரும் பெரிதாக மதிக்கவில்லை, செல் தப்பாக ஒட்டிவிட்ட குப்பை என்று ஒதுக்கிவிட்டார்கள். ஆர்என்ஏ முழுவதையும் கம்ப்யூட்டரில் வரிசைப்படுத்திப் படிக்கிற வசதி வந்த பிறகு, 2012, 2013 வாக்கில்தான், மனித செல்களில் இந்த மாதிரி ஆயிரக்கணக்கான வளையங்கள் இருப்பது தெரிந்தது. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: மனித செல்கள் என்றால் எல்லோருடைய செல்களும்தான். உங்கள் உடம்பில், என் உடம்பில், உங்கள் தங்கை உடம்பில், மாப்பிள்ளை வீட்டார் உடம்பில். மூளையில் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது.

சரி, நுரையீரலுக்கு வருவோம். இதைப் புரிந்துகொள்ள மைக்ரோ ஆர்என்ஏ வேண்டும். 2024 மருத்துவ நோபல் பரிசு விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் கிடைத்ததே, அந்த மைக்ரோ ஆர்என்ஏதான். ரொம்பக் குட்டி ஆர்என்ஏ, சுமார் 22 எழுத்து. ஏதாவது ஒரு ஜீனின் நகல் புரதமாக மாறப் போகும்போது இது போய் ஒட்டிக்கொண்டு வேலையை அடக்கும். எம்ஐஆர்-7 என்று ஒன்று இருக்கிறது, அது அடக்குகிறவற்றில் ஒன்று ஈஜிஎஃப்ஆர், உங்கள் அம்மாவின் கட்டி எதை வைத்து வளர்கிறதோ அதே ஈஜிஎஃப்ஆர். 2013இல் சிஐஆர்எஸ்-7 என்கிற ஒரு வட்ட ஆர்என்ஏவைப் பற்றி இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் வெளியிட்டன. அந்த ஒரு வளையத்தில் எம்ஐஆர்-7 வந்து உட்கார எழுபதுக்கும் மேற்பட்ட இடங்கள். பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவது மாதிரி எம்ஐஆர்-7ஐ இது உறிஞ்சிக்கொண்டால் ஈஜிஎஃப்ஆரை அடக்க ஆள் இருக்காது. சில நுரையீரல் கட்டிகளில் இந்த வளையம் அதிகமாக இருப்பதையும், சோதனைக்கூடத்தில் வளர்த்த புற்று செல்களில் இதைக் கூட்டினால் ஈஜிஎஃப்ஆர் கூடி செல்கள் வேகமாகப் பெருகுவதையும் காட்டியிருக்கிறார்கள். நீங்கள் படித்தது அநேகமாக இந்தப் பஞ்சுக் கதையின் ஏதோ ஒரு வடிவமாக இருக்கும்.

இதுபோல நுரையீரலில் நிறைய வந்துவிட்டன. பிஆர்கேசிஐ ஜீனிலிருந்து வரும் வளையம் ஒன்று, சில அடினோகார்சினோமா கட்டிகளில் அந்த ஜீன் இருக்கிற குரோமோசோம் பகுதியே பல நகலாகப் பெருகிவிடுவதால் வளையமும் பெருகி, கட்டிக்கு உரம் போடுகிறது. எஃப்ஜிஎஃப்ஆர்1 ஜீனின் வளையம் இன்னொன்று, அது சிஎக்ஸ்சிஆர்4 என்கிற புரதத்தைக் கூட்டி, நோய் பரவுவதற்கும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடுகிற இம்யூனோதெரபி ஊசிக்குக் கட்டி அசையாமல் இருப்பதற்கும் துணைபோகிறது என்று 2019இல் ஒரு ஆய்வு. யுஎஸ்பி7 வளையத்தைப் புற்று செல்கள் எக்ஸோசோம் என்கிற நுண்ணிய பைகளில் போட்டு வெளியே அனுப்புகின்றன, அந்தப் பை போய்ச் சேர்கிற இடத்தில் நம் எதிர்ப்பு செல்கள் சோர்ந்துபோகின்றன. ஒரு வகைக் கட்டியில் ஈஎம்எல்4, ஏஎல்கே என்ற இரண்டு ஜீன்கள் உடைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், 2007இல் ஜப்பானில் கண்டுபிடித்தது. அந்த ஒட்டுப்போட்ட ஜீனும் தன் பங்குக்கு ஒரு வளையம் செய்கிறது, நோயாளிகளின் ரத்தத்திலும் அதைப் பார்த்திருக்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருப்பது இந்த வளையத்தின் மேல்தான், ஏனென்றால் அந்த ஒட்டு இல்லாத உடம்பில் அந்த வளையம் உருவாக வழியே இல்லை, மற்ற வளையங்கள் மாதிரி கூட இருக்கிறதா குறைய இருக்கிறதா என்று அளந்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அம்மாவுக்கு இது பொருந்தாது, ஈஜிஎஃப்ஆர் மாற்றம் இருக்கிற கட்டியில் ஏஎல்கே ஒட்டு இருப்பது அபூர்வம்.

பரவுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். கட்டியில் இருக்கிற செல் சாதாரணமாக அக்கம்பக்கத்து செல்களோடு கைகோத்து நிற்கும். அது அந்தக் கையை விட்டுவிட்டு, உருவத்தை நீட்டிக்கொண்டு, நகர்கிற செல்லாக மாறுவதுதான் பரவலின் முதல் படிகளில் ஒன்று. அப்படி மாறும்போது நூற்றுக்கணக்கான வளையங்களின் அளவு மாறுகிறது, அதில் கணிசமான பங்கு மேலே சொன்ன கியூகேஐ புரதத்தின் கையில் இருக்கிறது என்று 2015இல் காட்டினார்கள். இன்னொரு பக்கம், பிடிகே2 ஜீனின் வளையம் அதே மாற்றத்தைத் தடுக்கிறது, நுரையீரல் புற்று செல்களிலேயே. என்டியுஎஃப்பி2 வளையம் கட்டிக்கு உதவுகிற புரதங்களை அழிவுக்கு அனுப்புகிறது, கூடவே உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் தட்டி எழுப்புகிறது. ஆக, வட்ட ஆர்என்ஏ என்றாலே வில்லன் இல்லை. சில வளையம் கட்டிக்குத் துணை, சில வளையம் நமக்குத் துணை, நிறைய வளையங்களுக்கு எந்த வேலையும் இல்லாமலே இருக்கலாம். 'வட்டத்தை உடைக்க மருந்து' என்று நீங்கள் கேட்டதற்கு இதிலேயே பாதி பதில் இருக்கிறது, எந்த வட்டத்தை? மீதிப் பதில், நுரையீரல் புற்றுநோயில் வட்ட ஆர்என்ஏவைக் குறிவைத்து ஆஸ்பத்திரியில் எழுதித் தருகிற மருந்து எதுவும் இல்லை. யாராவது இருக்கிறது என்று விற்றால் ஏமாற்றுகிறார்.

எனக்கு இந்தத் துறையின் மேல் ஒரு வருத்தமும் உண்டு, சொல்லிவிடுகிறேன். சிஐஆர்எஸ்-7க்கு எழுபது இடம், அது பஞ்சு என்றால் ஒப்புக்கொள்ளலாம். அதன் பிறகு வந்த எத்தனையோ ஆய்வுகளில் வளையத்தில் ஒன்றோ இரண்டோ இடம்தான் இருக்கும், வளையமே செல்லுக்கு நாலைந்து எண்ணிக்கைதான் இருக்கும், ஆனால் தலைப்பில் 'பஞ்சு' என்று போட்டிருப்பார்கள். ஏரித் தண்ணீரை நாலு பஞ்சு வைத்து வற்ற வைத்தேன் என்கிற மாதிரி. அந்த சிஐஆர்எஸ்-7க்கே 2020இல் ஒரு அடி விழுந்தது: பெருங்குடல் கட்டியை வெட்டித் துண்டில் எந்த செல்லில் அது இருக்கிறது என்று நேராகப் பார்த்தபோது, புற்று செல்களில் இல்லை, சுற்றியிருக்கிற துணைத் திசு செல்களில்தான் இருந்தது. கட்டியை மொத்தமாக அரைத்து அளந்தால் 'அதிகம்' என்று வரும், ஆனால் அது யாருடையது என்று தெரியாது. இதைப் படித்தபோது நானே என் பழைய பிரசன்டேஷன் ஸ்லைடு இரண்டை அழித்தேன்.

இப்போது அந்த 38,000 ரூபாய். நுனி இல்லாத ஆர்என்ஏ நிலைத்து நிற்கும், ரத்தத்தில் கிடைக்கும், எனவே டெஸ்ட்டுக்கு ஏற்றது என்பதுதான் ஏஜென்ட் சொல்லியிருப்பார், காகிதத்தில் அது சரிதான். சிக்கல் என்னவென்றால் நம் சிவப்பணுக்களிலும் தட்டணுக்களிலும் சொந்தமாகவே வட்ட ஆர்என்ஏ எக்கச்சக்கமாக இருக்கிறது. பாலக்கோட்டில் ரத்தம் எடுத்து, டப்பாவில் போட்டு, பஸ்ஸில் குலுங்கி, எங்கோ ஒரு லேப்புக்குப் போவதற்குள் கொஞ்சம் சிவப்பணு உடைந்தாலே ரிப்போர்ட்டில் வருவது கட்டியின் கதையா ரத்தத்தின் கதையா என்று பிரிப்பது கஷ்டம். இதையெல்லாம் தாண்டி சுத்தமாகவே வந்தாலும், 'இந்த வளையம் மூன்று மடங்கு அதிகம்' என்கிற காகிதத்தை வைத்துக்கொண்டு உங்கள் டாக்டர் மாத்திரையை மாற்ற முடியாது. எந்த எண்ணுக்கு மேல் ஆபத்து, அதற்கு என்ன மருந்து என்கிற இரண்டுமே இல்லாத டெஸ்ட் அது. ஆராய்ச்சிக்காக யாராவது அம்மாவின் ரத்தத்தைக் கேட்டால், ஒப்புதல் படிவம் கொடுத்து, காசு வாங்காமல் கேட்டால், தாராளமாகக் கொடுங்கள். ஆராய்ச்சிக்கு நோயாளியிடம் பணம் வாங்குவது முறையில்லை.

பரம்பரை விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். அம்மாவின் எக்ஸான் 19 மாற்றம் அவருடைய நுரையீரலில் ஏதோ ஒரு செல்லில் வாழ்நாளில் நடந்தது, கருமுட்டையில் இருந்ததில்லை, பிள்ளைகளுக்குப் போகாது. வட்ட ஆர்என்ஏவும் அப்படி வந்து ஒட்டிக்கொள்கிற சமாச்சாரம் இல்லை. தங்கை கல்யாணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, சம்பந்தி வீட்டில் கேட்டால் இதையே சொல்லுங்கள். புகைக்காதவருக்கு ஏன் வந்தது என்றும் மனதில் ஓடும். நம் நாட்டில் ஈஜிஎஃப்ஆர் மாற்றம் உள்ள பெண்களில் நிறையப் பேர் புகைத்தவர்களே இல்லை. விறகு அடுப்புப் புகை, அடுத்தவர் பீடிப் புகை, காற்று மாசு எல்லாவற்றுக்கும் பங்கு இருக்கலாம், ஒருவருடைய கட்டிக்கு இதுதான் காரணம் என்று கை காட்ட முடியாது. அம்மா தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொள்ள விடாதீர்கள். வீட்டில் இன்னும் விறகு அடுப்பு எரிகிறது என்றால் கேஸுக்கு மாறுங்கள். அப்பாவோ மாமாவோ கிரானைட் குவாரிக்குப் போகிறவர்களாக இருந்தால் அது தனிப் பேச்சு, கல்தூளில் இருக்கிற சிலிகாவை 1997இலேயே புற்றுநோய்க் காரணி என்று வகைப்படுத்திவிட்டார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு கல் அறுக்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும், துண்டு அந்தத் தூளை நிறுத்தாது.

இப்போது அம்மாவுக்கு என்ன செய்ய வேண்டும். கெஃபிட்டினிப் 13 மாதம் கேட்டது, கெட்ட கணக்கு இல்லை, ஈஜிஎஃப்ஆரைத் தடுக்கிற இந்த முதல் தலைமுறை மாத்திரைகள் சராசரியாகப் பத்துப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிறகு கைவிடுவது எதிர்பார்க்கிறதுதான். நீங்கள் எதையோ தவறவிட்டதால் நடந்தது அல்ல. இப்படிக் கைவிடும்போது ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கட்டியில் டி790எம் என்கிற புது மாற்றம் வந்திருக்கும். அது இருந்தால் ஓசிமெர்ட்டினிப் என்கிற மாத்திரை கேட்கும். 2017இல் வெளியான பெரிய ஆய்வில், டி790எம் இருந்தவர்களுக்கு ஓசிமெர்ட்டினிப் நோயை 10.1 மாதம் பிடித்து வைத்தது, கீமோ 4.4 மாதம். நான் சொன்ன அவசர டெஸ்ட் இதுதான், டி790எம். இதை ரத்தத்திலேயே பார்க்கலாம், கட்டியிலிருந்து உதிர்ந்து ரத்தத்தில் மிதக்கிற டிஎன்ஏவில். ஏஜென்ட் சொன்ன டெஸ்ட்டும் ரத்தம், இதுவும் ரத்தம், குழப்பிக்கொள்ளாதீர்கள். இதில் வருகிற பதிலுக்கு ஒரு மருந்து இருக்கிறது, அதுதான் வித்தியாசம்.

ரத்தத்தில் டி790எம் வந்துவிட்டால் வேலை சுலபம். வரவில்லை என்றால் 'இல்லை' என்று அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது, கட்டி போதுமான டிஎன்ஏவை உதிர்க்காவிட்டால் இருந்தும் தெரியாமல் போகும், பத்தில் மூன்று பேருக்கு அப்படித் தவறும். அப்போது மறுபடி பயாப்ஸி கேளுங்கள், கல்லீரல் புள்ளி ஊசிக்கு எட்டுகிற இடத்தில் இருந்தால் அங்கேயே எடுக்கலாம். அம்மா பயப்படுவார், மறுபடி ஊசியா என்பார். ஆனால் சிலருக்குக் கட்டி வேறு வகையாகவே, ஸ்மால் செல் வகையாக, மாறிவிடும், அதை ரத்தத்தில் கண்டுபிடிக்க முடியாது, சிகிச்சையும் முழுக்க வேறு. அதனால் திசுவைப் பார்த்தே ஆக வேண்டிய நேரம் அது. தலைவலி, வாந்தி, தடுமாற்றம் ஏதாவது இருந்தால் மூளை ஸ்கேன் எடுக்கச் சொல்லி நீங்களே ஞாபகப்படுத்துங்கள். அதுவரை கெஃபிட்டினிப்பை நீங்களாக நிறுத்த வேண்டாம், சட்டென்று நிறுத்தினால் சிலருக்கு நோய் வேகமெடுக்கும்.

ஓசிமெர்ட்டினிப் விலை அதிகம். 2024 ஜூலை மத்திய பட்ஜெட்டில் சுங்க வரியை எடுத்தார்கள், அப்படியும் நம் வீட்டுக் கணக்குக்குப் பெரிய தொகைதான். ஆஸ்பத்திரியில் இருக்கிற சமூகப் பணியாளரைப் பாருங்கள், கம்பெனி உதவித் திட்டம், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம், உங்கள் கம்பெனி இன்ஷூரன்ஸில் பெற்றோர் சேர்ந்திருக்கிறார்களா என்பது, மூன்றையும் ஒரே நாளில் கேட்டுவிடுங்கள். அந்த 38,000 ரூபாயை இதற்கு எடுத்து வையுங்கள்.

இன்னொன்று, நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டுகளில் முதல் பயாப்ஸி எடுத்த இடத்துப் பேத்தாலஜி பக்கம், அதாவது திசுவைப் பரிசோதித்து எழுதிய பக்கம், இல்லை. அங்கே போய் ரிப்போர்ட்டோடு பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள், அம்மாவின் திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கிற சின்னக் கட்டி, தீப்பெட்டியைவிடச் சிறிசு. பழசையும் புதுசையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அது வேண்டும். அது உங்கள் அம்மாவுடையது, எழுதிக் கொடுத்தால் தருவார்கள். வாங்கியதும் வண்டி டேஷ்போர்டில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள், நம் ஊர் வெயிலில் மெழுகு இளகிவிடும்.